பெயர் இருக்கிறது, ஆள் இருக்கிறாரா? அரசுத் தொழிற்பயிற்சிப் பணம் தவறாகப் போகாமல் தடுக்க ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் அரசுப் பணத்தில் நடக்கும் ஏதாவது ஒரு தொழிற்பயிற்சியின் பேனர் கண்ணில் படும். தையல், கணினி, மீன் பதப்படுத்துதல், கடல்பாசி வளர்ப்பு, ஏசி மெக்கானிக், மருத்துவமனை உதவியாளர் என்று வகைக்குக் குறைவில்லை. 2018-இல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் விருதுநகரோடு ராமநாதபுரமும் இருக்கிறது. அதனால் திட்டங்களும் கூடுதலாகவே வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு இவை தேவை. இல்லாத ஆளின் பெயரில் ஒரு இடத்துக்குப் பணம் போனால், அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை வெளியே நிற்கிறது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பை நடத்தும் அக்காமார்கள், வார்டு உறுப்பினர்கள், மீனவர் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகள், வட்டார அளவில் பில் சரிபார்க்கும் ஊழியர்கள், நேர்மையாக சென்டர் நடத்த விரும்புகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பணம் கைமாறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அதுவும் தாளை வைத்து அல்ல, ஆளை நேரில் பார்த்து. போன பணத்தைத் திரும்ப வாங்குவது வருடக்கணக்கில் இழுக்கும்.

ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன்? பிரதமர் கௌசல் விகாஸ் யோஜனா 2015-இல் தொடங்கிய மத்திய அரசின் தொழிற்பயிற்சித் திட்டம். அதை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பார்த்த பயனாளிப் பதிவுகளில் 94 சதவீதத்துக்கும் மேல் வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தது. கணக்கு எண் இருந்த இடத்திலும் ஒரே எண் பலர் பெயரில் வந்தது. ஒரே புகைப்படம் பல பேருக்குச் சான்றாக ஒட்டப்பட்டிருந்தது. இதையெல்லாம் ஆரம்பத்திலேயே ஒருவர் உட்கார்ந்து பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம்.

நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்கு என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பயிற்சி தருகிறேன் என்று யார் பதிந்தாலும் தரம் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்கள். மோசடி மலிந்துபோய் 2001 நவம்பரில் திட்டத்தையே மூட வேண்டியதாயிற்று. மோசடியும் முறைகேடுமாகப் போனது 9.7 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. அதைவிட வருத்தம், ஒழுங்காகப் படிக்க நினைத்தவர்களுக்கும் அன்றோடு கதவு மூடியது.

படி 1: எந்தப் பணம், எப்போது, எதற்காக

பேட்ச் தொடங்கும் முன்பே மூன்று தாள்களைக் கையில் வாங்கிவிடுங்கள்: பயிற்சிக்கான ஒப்புதல் ஆணை, சென்டரோடு போட்ட ஒப்பந்தம், பேட்ச் விவரம். பேட்ச் விவரத்தில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், தங்கும் வசதி உண்டா, உதவித்தொகை உண்டா என்பது இருக்கும்.

பெரும்பாலான திட்டங்களில் பணம் தவணையாகப் போகும். 2015-இல் மத்திய அரசு வெளியிட்ட பொது விதிமுறை தொடக்கத்தில் 30 சதவீதம், சான்றிதழ் பெற்ற பிறகு 50, வேலை கிடைத்த பிறகு 20 என்று பிரித்தது. பிறகு திருத்தங்கள் வந்தன, திட்டத்துக்குத் திட்டம் விகிதமும் மாறும். உங்கள் ஊர் பேட்சுக்கு எது பொருந்தும் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். எந்தத் தேதிக்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடும்.

கேட்டுத் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். “பயிற்சி பற்றிய எல்லா விவரமும் வேண்டும்” என்று எழுதினால் மழுப்பலான பதில்தான் வரும். “இந்த ஊராட்சியில் இந்தத் தேதியில் தொடங்கிய பேட்சின் ஒப்புதல் ஆணை நகல், தேதிவாரியான வருகை எண்ணிக்கை, இதுவரை விடுவித்த ஒவ்வொரு தவணையின் தொகையும் தேதியும்” என்று குறிப்பாகக் கேளுங்கள். பயனாளிகளின் ஆதார் எண்ணையும் போன் எண்ணையும் கேட்க வேண்டாம். தரவும் மாட்டார்கள், தரவும் கூடாது.

படி 2: சேர்க்கைப் பட்டியலைத் தெருவில் வைத்துப் பாருங்கள்

பட்டியல் வந்த வாரத்திலேயே தெருவாரியாகப் பிரித்து, அந்தந்தத் தெருவில் இருக்கும் குழு உறுப்பினரிடம் கொடுங்கள். இந்தப் பெயரில் ஆள் இருக்கிறாரா, இப்போது ஊரில் இருக்கிறாரா, இந்தப் பயிற்சியில் சேர்ந்ததாக அவருக்கே தெரியுமா? இந்த மூன்று கேள்வி போதும். நம் பகுதியில் இரண்டாவது கேள்விதான் நிறையப் பேரைக் காட்டிக்கொடுக்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாட்டுக்குப் போன பையன், திருப்பூருக்கு வேலைக்குப் போன பெண் ஆகியோரின் பழைய ஆதார் நகல் எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும். ஆள் குறையும்போது அந்த நகலுக்கு உயிர் வந்துவிடும்.

அடுத்து, ஒரே ஆள் இரண்டு பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். கிராமப்புற இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்தியாய திட்டம், தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், மீன்வளத் துறை என்று ஒவ்வொருவரும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஒரே அக்கா காலையில் தையலிலும் அதே நேரத்தில் பாசி வளர்ப்பிலும் இருக்க முடியாது. ஆனால் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் பெரும்பாலும் ஊரில்தான் இருப்பார். இப்படி வருவதில் பாதிக்கு மேல் திருட்டு அல்ல. எந்தத் திட்டம் முதலில் தொடங்கும் என்று தெரியாமல் இரண்டிலும் பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். எது வேண்டும் என்று அவரையே கேட்டு, மற்றதிலிருந்து எழுத்தில் விலகச் சொன்னால் முடிந்தது.

பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பெயர், தெரு, பயிற்சியின் பெயர் மட்டும் வாசித்தால் போதும். பெண் பிள்ளைகளின் போன் எண்ணோடு பட்டியலைச் சுவரில் ஒட்டுவது வேறு தொல்லையைக் கொண்டுவரும்.

படி 3: வருகைப் பதிவு

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கடற்கரை ஊருக்கென்று உள்ள சிக்கலும் இங்கேதான்.

முதலில் கைரேகை. சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் பாறையில் கை வைக்கிறார்கள். அப்படியும் தோல் கிழிகிறது, ரேகை தேய்கிறது. மீன் அறுக்கும் பெண்களுக்கும் வலை இழுப்பவர்களுக்கும் இதே கதைதான். கருவியில் விரலை வைத்தால் மூன்று முறை, நான்கு முறை சிவப்பு விளக்கு எரியும். உடனே சென்டரில் “சரி, உங்களுக்கு மட்டும் கையால் எழுதிக்கொள்கிறோம்” என்பார்கள். அந்த அக்காவுக்கு அது உதவிதான். ஆனால் கையால் எழுதும் நோட்டு ஒன்று பிறந்துவிட்டால், வராத ஆளும் அதில் ஏறிவிடலாம்.

இதற்கு வழி இருக்கிறது. ரேகை பிடிக்காதவர்களுக்கு முக அடையாளமோ கருவிழியோ வைத்துப் பதியும் வசதியைச் சென்டர் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். அது வரும் வரை விதிவிலக்கு நோட்டு தனியாக இருக்கட்டும். அதில் பெயர், தேதி, வந்த நேரம், பயிற்சி பெறுபவரின் கையெழுத்து, கூட்டமைப்பிலிருந்து சாட்சியாக ஒருவர் கையெழுத்து ஆகியவை அன்றன்றே விழ வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்ட கையெழுத்து பார்த்தாலே தெரியும். ஒரே பேனா, ஒரே சாய்வு, பக்கத்தில் ஒரு அழுக்குக்கூட இருக்காது. தினமும் முப்பது கை பட்ட நோட்டின் ஓரம் மடங்கி இருக்கும், எங்காவது ஒரு எண்ணெய்க் கறை இருக்கும்.

அடுத்தது கடலின் நாட்காட்டி. ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போவது வழக்கம். அந்த நாட்களில் படகில் வேலை செய்யும் இளைஞர்கள் எல்லோரும் வகுப்பில் “ஆஜர்” என்று இருந்தால் கேள்வி கேளுங்கள். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்களில் கடலுக்கு இறங்குவார்கள். அன்றைக்கும் நூற்றுக்கு நூறு வருகை இருந்தால் அதுவும் நம்பும்படி இல்லை.

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தவறு பெரும்பாலும் இரக்கத்தில்தான் தொடங்குகிறது. அந்த அக்கா அன்றைக்குக் கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை வைக்க முடியாது. வருகை குறைந்தால் தேர்வு எழுத விட மாட்டார்கள். டிரெய்னர் பாவம் பார்த்து ஒரு கோடு போடுகிறார். அடுத்த மாதம் வரவே வராதவருக்கும் கோடு விழுகிறது. அதற்கடுத்த பேட்சில் அதற்கு ஒரு விலையும் வந்துவிடுகிறது. ஆகவே மோசடியைத் தடுக்கிற முதல் வேலை, கடலுக்குப் பொருந்துகிற நேர அட்டவணை. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ஆண்களுக்கான பேட்சை அப்போது வைக்கச் சொல்லுங்கள். பாசி எடுக்கும் பெண்களுக்கு நீர் வற்றாத நாட்களில் வகுப்பு, மீன் விற்கப் போகும் பெண்களுக்குப் பிற்பகல் வகுப்பு என்று பேட்ச் தொடங்கும் முன் எழுத்தில் கேளுங்கள். தொடங்கிய பிறகு மாற்றுவது கடினம்.

திடீர் பார்வைக்குப் போகும்போது ஒரு ஒழுங்கு வேண்டும். உள்ளே போனதும் நோட்டைக் கேட்காதீர்கள், முதலில் தலையை எண்ணுங்கள். எண்ணை எழுதி, நேரம் போட்டு, உடன் வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் நோட்டைத் திறங்கள். இரண்டு மூன்று பேரைத் தனித்தனியாக, மரியாதையாக, “நேற்று என்ன சொல்லிக் கொடுத்தார்கள், டிரெய்னர் பெயர் என்ன?” என்று கேளுங்கள். வந்தவர்களைப் போலீஸ் விசாரணை போல மிரட்டினால் அடுத்த நாள் உண்மையான ஆட்களும் வர மாட்டார்கள்.

கருவியின் நேரப் பதிவை வாங்கிப் பாருங்கள். உச்சிப்புளியிலிருந்து பஸ்ஸில் வருபவர்களும் உள்ளூரில் நடந்து வருபவர்களும் கலந்த வகுப்பில் பதிவு முன்னும் பின்னுமாகத்தான் விழும். தினமும் மூன்றே நிமிடத்தில் முப்பது பேரும் பதிந்திருந்தால் சென்டரிடம் விளக்கம் கேளுங்கள்.

படி 4: பொருளும் செய்முறையும்

செய்முறை வகுப்பு நடந்தால் தடயம் இருக்கும். கடல்பாசியையே எடுத்துக்கொள்வோம். வளமாவூரில் பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியதிலிருந்து இந்தப் பயிற்சிக்கு மவுசு கூடியிருக்கிறது. நம் பக்கம் வழக்கமான மூங்கில் மிதவை 12-க்கு 12 அடி, ஒரு சுற்று 45 நாள். 20 மிதவைக்குப் பில் இருந்தால், 20 மிதவை எந்தக் கரையில் கட்டியிருக்கிறது, விதைப் பாசி எங்கிருந்து வந்தது, அறுவடையை யார் எடை போட்டார்கள் என்று கேட்கலாம். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் மிதவை நிற்காது என்பது கரையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த மாதங்களில் அங்கே செய்முறை நடந்ததாகப் பில் வந்தால் மீனவர் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே போதும்.

தையல் என்றால் இயந்திரத்தின் வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள். அதே பத்து இயந்திரங்கள் தேவிபட்டினத்தில் ஒரு பேட்சுக்கும் திருப்பாலைக்குடியில் இன்னொரு பேட்சுக்கும் புதிதாக வாங்கியதாகக் கணக்கில் ஏறலாம். தங்கிப் படிக்கும் பயிற்சியில் உள்ளூர்ப் பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட, விடுதிச் செலவு மட்டும் முழுக் கணக்காகப் போவதும் உண்டு. இரவு எட்டு மணிக்கு ஒரு முறை போய்த் தட்டுகளை எண்ணினால் தெரிந்துவிடும்.

படி 5: உதவித்தொகையும் பயிற்சி பெறுபவரின் கணக்கும்

இது பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்று வித்ட்ராயல் சலான் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். “பணம் வந்ததும் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்” என்று சொல்லிச் சேர்த்தால் அதை அன்றைக்கே கூட்டமைப்பில் சொல்லுங்கள். ஓடிபி கேட்டால், எதற்கு என்று தெரியாமல் சொல்லாதீர்கள்.

ஆதார் வழியாக வரும் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். 2017-இல் சிம் கார்டு சரிபார்ப்புக்கு விரல் வைத்த லட்சக்கணக்கானோருக்கு அவர்கள் அறியாமலே கணக்கு திறந்து, எரிவாயு மானியம் அதற்குப் போனது. எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கே, எப்போது பயன்படுத்தினார்கள் என்ற வரலாறும் அங்கே கிடைக்கும். நீங்கள் கடலில் இருந்த நாளில் உங்கள் பெயரில் பதிவு விழுந்திருந்தால் அதைவிட வலுவான சாட்சி வேண்டியதில்லை. பயிற்சி முடிந்ததும் கைரேகையைப் பூட்டிவிடலாம். சந்தேகத்துக்கு 1947 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

படி 6: தேர்வும் வேலையும்

தேர்வு நாளில் வகுப்பு எடுத்தவரே மதிப்பெண் போடக்கூடாது, படம் எடுத்தால் எல்லோர் முகமும் தெரிய வேண்டும். இவ்வளவு போதும்.

வேலைவாய்ப்பில்தான் கடைசித் தவணை நிற்கிறது. ஆபர் லெட்டரை வேலையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். குறைந்தது மூன்று மாதச் சம்பளம் வங்கியில் ஏறியதைக் காட்டும் கணக்கு அறிக்கை, வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) எண் இரண்டையும் கேளுங்கள். வைப்பு நிதிக் கணக்கில் மாதாமாதம் பணம் ஏறியதை அந்தப் பிள்ளையே போனில் எடுத்துக் காட்டலாம். சுயதொழில் என்று எழுதியிருந்தால் கடையையோ மிதவையையோ போய்ப் பாருங்கள். சென்டர் கொடுத்த எண்ணில் பேசாமல், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் “பிள்ளை எங்கே வேலை பார்க்கிறது?” என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

படி 7: பில் சரிபார்ப்பு

மோசடியே இல்லாமல் கூடுதல் பணம் போவது இங்கேதான். ஒரு கணக்குப் போடுவோம். 30 பேர், தலைக்கு 12,000 ரூபாய், மொத்தம் 3,60,000. முதல் தவணை 30 சதவீதம், 1,08,000 போய்விட்டது. இரண்டாவது வாரத்தில் 6 பேர் நின்றுவிட்டார்கள். மீதி 24 பேரும் தேறினார்கள். இரண்டாவது தவணை 50 சதவீதம் என்றால் 24 பேருக்கு 1,44,000. நின்றுபோன 6 பேருக்கு முன்பே கொடுத்த 21,600-ஐக் கழிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், கொடுக்க வேண்டியது 1,22,400. பழைய பட்டியலை வைத்து 30 பேருக்கே பில் போட்டால் 1,80,000 வரும். வித்தியாசம் 57,600 ரூபாய். நின்றுபோனவர் பெயரை நீக்க மறந்தாலே இவ்வளவு போகும்.

ஆகவே ஒவ்வொரு தவணைக்கும் முன் புதிய பட்டியல் வேண்டும், பழையதில் திருத்தியது கூடாது. தலை எண்ணியவர் ஒருவர், பில் போட்டவர் இன்னொருவர், பணம் விடுவிப்பவர் வேறொருவர் என்று மூன்று பேர் இருக்க வேண்டும். மத்திய மானியத்துக்கு 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். செலவாகாமல் வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டியைக்கூட அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கின்றன அவை.

படி 8: தப்பு தெரிந்த பிறகு

பிழையா, மோசடியா என்று முதலில் பிரியுங்கள். பிழை என்றால் கணக்கை எழுதி, சென்டருக்கு நகல் கொடுத்து, விளக்கம் சொல்ல அவகாசம் கொடுத்து, அடுத்த பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். தவறாக வந்த உதவித்தொகையைச் செலவழித்துவிட்ட ஏழைப் பெண்ணிடம் மொத்தமாகக் கேட்டு நெருக்குவது நியாயமில்லை. தவறு அலுவலகத்தில் நடந்திருந்தால் அவரிடம் தவணையாக வாங்க எழுதிக் கேட்கலாம்.

மோசடி என்று தெரிந்தால் சென்டரில் போய்ச் சண்டை போடாதீர்கள். அன்று இரவே நோட்டு மாறிவிடும். தலை எண்ணிய தாள், நோட்டின் படம், தகவல் உரிமையில் வந்த பதில் எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். தனி ஆளாகப் போகாமல் கூட்டமைப்பில் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். முதல்வர் உதவி எண் 1100. அரசு ஊழியருக்குப் பங்கு இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை, 1064. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதல் 318, போலி ஆவணம் 336, அதை உண்மை என்று பயன்படுத்துவது 340 ஆகிய பிரிவுகளில் வரும். எந்தப் பிரிவு என்பதை அதிகாரிகள் முடிவு செய்யட்டும். மனுவில் தேதி, எண்ணிக்கை, யார் பார்த்தது என்பதை மட்டும் எழுதுங்கள். “கொள்ளையடிக்கிறார்கள்” போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மனு போன பிறகு சென்டரை மூடிவிடக்கூடும். அந்த நாளில் உண்மையாகவே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெயர், முடித்த மணி நேரம், கையில் உள்ள நோட்டுப் புத்தகத்தின் படம் ஆகியவற்றை முன்கூட்டியே திரட்டி மனுவோடு இணையுங்கள். இவர்களை அருகில் உள்ள வேறு சென்டரில், விட்ட இடத்திலிருந்து தொடரச் சேர்க்க வேண்டும் என்று தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள்.